லட்சுமி டாலரில் ஓட்டை வந்த கதை: தங்கத்தைத் திட்டி, கடைசியில் மெழுகில் பிடித்தோம்

ஆர்டர் 48 லட்சுமி டாலர். 22 காரட், ஒவ்வொன்றும் சுமார் 6 கிராம், அட்சய திருதியைக்குப் பத்து நாள் முன்னால் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கோயம்புத்தூரில் எங்களுடையது கூலிக்கு வார்த்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை. தங்கம் பத்தர் கொடுப்பார், மாஸ்டரும், அதாவது முதல் மாதிரி டாலரும், அவருடையது, நாங்கள் ரப்பர் மோல்டு போட்டு, மெழுகு எடுத்து, அந்த மெழுகுகளை ஒரே தண்டில் மரம் மாதிரி ஒட்டி ட்ரீ கட்டி, வார்த்துத் திருப்பிக் கொடுப்போம். ட்ரீயை உள்ளே வைத்து, சுற்றிலும் பவுடர்க் குழம்பு ஊற்றி அச்சு எடுக்கும் உலோகக் குழாய்தான் ஃபிளாஸ்க். ஒரு ஃபிளாஸ்க்குக்கு 24 என்று இரண்டு ஃபிளாஸ்க்காக ஊற்றினோம். வெட்டி எடுத்தபோது எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. பாலிஷ் போட்ட பிறகுதான் வினையே: முதல் ஃபிளாஸ்க்கின் 24இல் 11 டாலர்களில் ஓட்டை, இரண்டாவதில் 2.

பத்தர் நேரில் வந்து மேஜைமேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நான் கொடுத்த தங்கத்துல என்னத்தைக் கலந்தீங்க?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

எங்கள் தொழிலில் ஓட்டை வந்தால் முதலில் தங்கத்தைச் சந்தேகப்படுவோம், அடுத்து அடுப்பை, அப்புறம் பவுடரை. மெழுகு கடைசியில்தான் நினைவுக்கு வரும், ஏனென்றால் வார்ப்பு வெளியே வரும்போது மெழுகு என்று ஒன்று உலகத்திலேயே இருக்காது, உருகி எரிந்து போயிருக்கும். இல்லாத ஒன்றின்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

நாங்களும் அதே வரிசையில்தான் போனோம். முந்தின வார்ப்புகளின் தண்டில் மிஞ்சிய பழைய தங்கம் கலக்காமல் புதுக் கட்டியை மட்டும் உருக்கி ஆறு டாலர் மறுபடி ஊற்றிப் பார்த்தோம், மீதி இருந்த மெழுகுகளை வைத்தே. இரண்டில் ஓட்டை. சரி, மெழுகு முழுசாக எரியாமல் கரி தங்கியிருக்கும், அடுப்பில் இன்னும் சூடு ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். வழக்கமாக 730 டிகிரி செல்சியஸில் நிறுத்துவதை 780 வரை கொண்டு போனோம். அது சுத்த முட்டாள்தனம். அச்சுக்கு நாங்கள் பயன்படுத்தும் இன்வெஸ்ட்மென்ட் பவுடரில் சிலிக்காவைப் பிடித்து நிற்பது ஜிப்சம், அது 750ஐத் தாண்டினால் சிதைந்து கந்தக வாயு விட ஆரம்பிக்கும், கரி மிச்சம் இருந்தால் அதற்கு முன்னாலேயே. ஆக, இருந்த ஓட்டை அப்படியே இருக்க, மேல்பரப்பும் சொரசொரவென்று வந்து நின்றது. இந்த இரண்டு முயற்சியில் மூன்று நாள் போனது.

அதற்கப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தோம். 13 டாலர்களையும் வரிசையாக வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி வைத்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தேன். ஓட்டை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் சாதிகள் உண்டு. வாயுவால் வருவது உருண்டையாக, சுவர் வழவழவென்று, பொருள் முழுக்கத் தூவியது மாதிரி இருக்கும். தங்கம் உறையும்போது சுருங்கி வருவது ஸ்பாஞ்சு மாதிரி, ஓரம் கிழிந்த மாதிரி, தடிப்பான இடத்தில் கூட்டமாக இருக்கும். மூன்றாவது சாதி தனியாக ஒற்றை ஓட்டை, உள்ளே ஊசியால் கிளறினால் வெள்ளைப் பொடி வரும். அந்த வெள்ளை, அச்சுப் பவுடர்.

முதல் ஃபிளாஸ்க்கின் 11இல் எட்டு இந்த வெள்ளைப் பொடிச் சாதி. மூன்று ஸ்பாஞ்சு. இரண்டாவது ஃபிளாஸ்க்கின் இரண்டுமே ஸ்பாஞ்சு. வாயு ஓட்டை என்று சொல்லும்படி ஒன்றுகூட இல்லை, அதாவது மூன்று நாளாக நாங்கள் திட்டிக்கொண்டிருந்த தங்கமும் அடுப்பும் இந்த விவகாரத்தில் குற்றவாளிகளே இல்லை.

இப்படிப் பிரித்து வைத்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஸ்பாஞ்சு இரண்டு ஃபிளாஸ்க்கிலும் கிட்டத்தட்ட சமமாக வந்திருக்கிறது, வெள்ளைப் பொடி ஓட்டை ஒன்றில் மட்டும். இரண்டுக்கும் ஒரே பவுடர், ஒரே தண்ணீர் அளவு, ஒரே கலவைப் பாத்திரம், ஒரே அடுப்பு, ஒரே தங்கம். பிறகு என்னதான் வித்தியாசம்? மெழுகுப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "முத ட்ரீக்கு எடுத்தது முந்தின நாள் சாயங்காலங்க தம்பி. டப்பாவுல மெழுகு அடி தட்டிருச்சு. நீங்கதான் முடிச்சுட்டுப் போங்கன்னு சொன்னீங்க. ரெண்டாவது ட்ரீக்கு காலைல புதுசா போட்டு எடுத்தேன்."

நான்தான் சொல்லியிருக்கிறேன்.

மெழுகு எடுக்கும் முறையைத் தெரியாதவர்களுக்கு இங்கே சொல்லிவிடுகிறேன். மாஸ்டரை ரப்பருக்குள் வைத்துச் சூட்டில் அழுத்தி, கத்தியால் இரண்டாகப் பிளந்து எடுத்தால் உள்ளே டாலரின் வெற்றிடம் இருக்கும். அதை இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிடித்து இன்ஜெக்டரின் மூக்கில் அழுத்தினால் உருகிய மெழுகு காற்றழுத்தத்தில் உள்ளே பாயும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆறவிட்டுப் பிரித்தால் மெழுகு லட்சுமி. எங்கள் இன்ஜெக்டர் பழைய பிரஷர் பாட், அக்கா டப்பா என்று சொன்னது இதைத்தான், மோல்டுக்குள் இருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் வசதி அதில் கிடையாது. மெழுகு உள்ளே வரும்போது அங்கே இருந்த காற்று ரப்பரில் கீறி வைத்திருக்கும் மெல்லிய வெட்டுகள் வழியாகத் தானே வெளியேற வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே, கும்பகோணம் பக்கம் சுவாமிமலையில் மெழுகு வைத்துத்தான் சிலை வார்க்கிறார்கள், தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து, கையால் உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் மண் பூசி. அங்கே மெழுகை அழுத்தத்தில் ஊற்றும் வேலை இல்லை, ஸ்தபதியின் விரலே ஒவ்வொரு இடத்தையும் தடவிப் பார்த்துவிடுகிறது. எங்களுக்கு ஒரே நாளில் ஐம்பது வேண்டும். தொல்லை அந்த வேகத்தோடு சேர்ந்தே வருகிறது.

அன்று சாயங்காலம் நடந்ததை அக்காவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தோம். டப்பாவில் மெழுகு குறைந்ததால் மெழுகோடு காற்றும் சேர்ந்து வந்திருக்கிறது. சரியாக நிரம்பவில்லை என்று அக்கா அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார், சூட்டை 70இலிருந்து 76க்கு ஏற்றியிருக்கிறார். இதில் அவர்மேல் தப்பு சொல்ல முடியாது, நிரம்பாவிட்டால் எல்லோரும் கை வைப்பது அந்த இரண்டு திருகில்தான். அதோடு, டப்பா காலியாகிறதே என்று நான் நாலைந்து நாளாகச் சேர்ந்திருந்த கழிவு மெழுகையும் உள்ளே போடச் சொல்லியிருந்தேன். கழிவு மெழுகு என்றால் வளைந்தது, உடைந்தது, பாதி நிரம்பியது. ஒவ்வொன்றின் மேலும் மோல்டில் ஒட்டாமல் இருக்கத் தட்டிய டால்க் பவுடர் இருக்கும். மெழுகு எரியும், டால்க் எரியாது. எங்கள் அடுப்பின் எந்தச் சூட்டிலும் அது அப்படியே அச்சுக்குள் உட்கார்ந்திருக்கும்.

எட்டு வெள்ளைப் பொடி ஓட்டைகளில் ஐந்து ஒரே இடத்தில் இருந்தன, லட்சுமியின் கிரீடத்துக்குப் பின்னால். மற்ற மூன்று ஆளுக்கொரு இடத்தில். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக உபயோகமான துப்பு இதுதான். குமிழி தினமும் ஒரே இடத்தில் வந்தால் அது மோல்டின் குறை, அந்த மூலையிலிருந்து காற்று போக வழியில்லை. இடம் மாறி மாறி வந்தால் காற்று டப்பாவிலிருந்து வருகிறது. எங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது. மோல்டைப் பிரித்துப் பார்த்தால் கிரீடத்திலிருந்து போகும் வெட்டு முழுக்க டால்க் அடைத்து மெத்தை மாதிரி இருந்தது. அக்கா தினம் காலையில் மோல்டைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்வார், அதனால் காலையில் எடுத்த மெழுகுகள் தப்பின. சாயங்காலம் ஆக ஆக அடைப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. போதாததற்கு அவசரத்தில் டால்க்கும் தட்டி, சிலிக்கோன் ஸ்பிரேயும் அடித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் பசை ஆகிவிடும். ஏதாவது ஒன்றுதான், அதுவும் நாலைந்து எடுப்புக்கு ஒரு தடவை லேசாக.

சரி, மெழுகில் குமிழி இருந்தால் தங்கத்தில் எப்படி ஓட்டை வரும்? இதை நான் பல வருஷம் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மெழுகுக்குள் காற்று இருந்தால் தங்கத்துக்குள்ளும் அதே இடத்தில் காற்று இருக்கும் என்று. கொஞ்சம் யோசித்தால் அது நடக்கவே முடியாது. அச்சு எடுப்பது மெழுகின் வெளித்தோலை மட்டும்தான். மெழுகு எரிந்து போகும்போது உள்ளே இருந்த குமிழியும் சேர்ந்து போய்விடும், அச்சுக்குள் முழு வெற்றிடம்தான் மிஞ்சும், தங்கம் அதை முழுசாக நிரப்பும். ஆழத்தில் இருக்கும் குமிழியால் வார்ப்புக்கு ஒரு பாதகமும் இல்லை.

பாதகம் தோலுக்கு அடியில் இருக்கும் குமிழியால். பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு, காற்று எடுக்க ஃபிளாஸ்க்கை வேக்கத்தில் வைப்போம் இல்லையா, அப்போது வெளியே அழுத்தம் இறங்க, குமிழிக்குள் இருக்கும் காற்று விரிந்து அந்த மெல்லிய மெழுகுத் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வேக்கத்தை நிறுத்தியதும் வெளிக்காற்று பவுடர் குழம்பை அந்தப் பொந்துக்குள் தள்ளும். குழம்பு உறைந்தால் மெழுகுக்குள் ஒரு சின்னப் பவுடர் உருண்டை, மெல்லிய கழுத்தில் அச்சோடு ஒட்டிக்கொண்டு. மெழுகு எரிந்த பிறகும் அது அங்கேயே நிற்கும். தங்கம் அதைச் சுற்றி உறையும். கழுத்து உடைந்தால் உருண்டை தங்கத்தில் மிதந்து வேறெங்காவது போய் மாட்டிக்கொள்ளும். மேலே மெல்லிய தங்கத் தோல் மூடியிருப்பதால் வெட்டும்போது தெரியாது, பாலிஷ் சக்கரம் அந்தத் தோலைத் தேய்த்த பிறகுதான் வாயைத் திறக்கும். ஆக, ஓட்டையை உண்டாக்கியது வேக்கம் மெஷின், அதற்கு இடம் கொடுத்தது மெழுகு.

இதை வாயால் சொன்னால் பட்டறையில் யாரும் நம்பவில்லை. எனக்கே முழு நம்பிக்கை இல்லை. அதனால் தங்கத்தில் கை வைக்காமல் வெள்ளியில் ஒரு சோதனை. குமிழி உள்ள எட்டு மெழுகுகளை வேண்டுமென்றே எடுத்தோம். வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு முன்னால் பிடித்தால் குமிழி தெரியும், ஆழத்தில் இருப்பது மங்கலாக ஓரம் கலைந்து தெரியும், தோலுக்கு அடியில் இருப்பது கூர்மையாகப் பளபளக்கும். அப்படி நாலு ஆழம், நாலு மேலோட்டம் என்று பிரித்து, பின்பக்கம் ஊசியால் குறி கீறி, குமிழியே இல்லாத எட்டோடு ஒரே ட்ரீயில் கட்டினோம். வார்த்து, பாலிஷ் போட்டுப் பார்த்ததில் ஆழக் குமிழி நாலும் சுத்தம். குமிழி இல்லாத எட்டும் சுத்தம். மேலோட்டமான நாலில் மூன்றில் ஓட்டை, உள்ளே வெள்ளைப் பொடி. பதினாறு வெள்ளி டாலரை வைத்துப் பெரிய விஞ்ஞானம் பேச முடியாதுதான், ஆனால் எங்கள் பட்டறை வாதத்தை முடிக்க அது போதுமாக இருந்தது.

எடை போட்டே கண்டுபிடிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ட்ரீ கட்டியதும் அது நிற்கும் அடி ரப்பரின் எடையைக் கழித்து, மெழுகின் எடையை 22 காரட்டுக்குச் சுமார் 18ஆல் பெருக்கித்தானே எவ்வளவு தங்கம் உருக்குவது என்று முடிவு செய்கிறோம், தராசு பக்கத்திலேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 கிராம் டாலருக்கு மெழுகு கிட்டத்தட்ட 0.33 கிராம். ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழியின் கொள்ளளவு 1.8 கன மில்லிமீட்டர்கூட வராது, மெழுகில் அது இரண்டு மில்லிகிராமுக்கும் கீழே. எங்கள் தராசு பத்து மில்லிகிராமுக்குக் கீழே பேசாது. பாதி நிரம்பிய மெழுகைத் தராசு காட்டிக் கொடுக்கும், குமிழியைக் காட்டாது. வெளிச்சத்தைத்தான் நம்ப வேண்டும்.

இனி அந்த ஐந்து ஸ்பாஞ்சு. அதற்கு அக்காவும் டப்பாவும் காரணமில்லை. ட்ரீ கட்டியது நான். இந்த டாலரின் ஓரம் 0.8 மில்லிமீட்டர், லட்சுமியின் வயிற்றுப் பக்கம் 3 மில்லிமீட்டர். நான் ஸ்ப்ரூவை, அதாவது தங்கம் உள்ளே போகும் மெழுகுக் கம்பியை, மேலே வளையம் வரும் மெல்லிய ஓரத்தில் 2 மில்லிமீட்டரில் ஒட்டியிருந்தேன். ஏன் அங்கே? வெட்டிய தடத்தை அரத்தால் ராவ சுலபம், முன்பக்கமும் கெடாது, பின்பக்கமும் கெடாது. ஆனால் தங்கம் உறையும்போது சுமார் 5 விழுக்காடு சுருங்கும், அந்தக் குறையை நிரப்ப வழியிலிருந்து உருகிய தங்கம் வந்துகொண்டே இருக்க வேண்டும். மெல்லிய ஓரம் முதலில் உறைந்து கதவை மூடிவிட்டால் தடித்த வயிறு கடைசியில் பட்டினி கிடந்து ஸ்பாஞ்சாகும். தடிப்பான இடத்தில், அதன் தடிப்புக்குக் குறையாத கம்பியில் ஒட்டு என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. தெரிந்தே மீறினேன். 48இல் ஐந்துதான் சிக்கின என்பது என் அதிர்ஷ்டம்.

மறுபடி எடுத்தபோது 3 மில்லிமீட்டர் கம்பியை வயிற்றுக்கு நேர் பின்பக்கம் ஒட்டினேன். ராவுகிற அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பின்பக்கம் நடுவில் தடித்த கம்பி என்றால் ஒவ்வொன்றுக்கும் ராவு அதிகம், பொடி அதிகம், சேதாரக் கணக்கில் நாளைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் சொன்னதும் சரி. கடைசியில் மாஸ்டரிலேயே பின்பக்கம் சின்ன மேடை வைத்து மோல்டு புதிதாகப் போட்டோம், கம்பி அந்த மேடையோடு சேர்ந்தே மெழுகில் வரும், வெட்டும் இடமும் ஒவ்வொரு தடவையும் மாறாது.

புது மோல்டு போட்டபோது கிரீடம், தாமரை இதழ் நுனி, கைவிரல் என்று முனை உள்ள ஒவ்வொரு இடத்திலிருந்தும் ரப்பரின் ஓரம் வரை கத்தி நுனியால் காற்று வெட்டுப் போட்டேன். அழுத்தத்தைக் குறைத்தோம், மெழுகை 70க்கே கொண்டு வந்தோம். டப்பா காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றா என்று தனித் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தால் உள்ளே இரண்டு டிகிரி கூடுதல், பரவாயில்லை. 76இல் எடுத்த மெழுகுகளில் லட்சுமியின் வயிற்றில் லேசாகக் குழி விழுந்திருந்ததை அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டேன், சூடு கூடக் கூட மெழுகு ஆறும்போது அதிகம் சுருங்கும். டப்பா பாதிக்குக் கீழே இறங்கவே விடுவதில்லை. புது மெழுகு போட்டால் உருகி ஒரு மணி நேரமாவது சும்மா இருக்க வேண்டும், கலந்த காற்று மேலே ஏற. அட்சய திருதியை நெருக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அக்கா அந்த நேரத்தில் மோல்டுகளைச் சுத்தம் செய்துவிடுகிறார்.

அது சித்திரை மாதம், மெழுகு அறையே 36 டிகிரி. மெழுகு சீக்கிரம் இறுகாது, அவசரப்பட்டுப் பிரித்தால் வளையும். எடுத்ததும் மோல்டைச் சில்லென்ற அலுமினியத் தகட்டின்மேல் வைக்கிறோம். ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்கவில்லை, மெல்லிய முத்து வேலை பிரிக்கும்போது நொறுங்குகிறது.

ஒவ்வொரு மெழுகும் இப்போது விளக்கைத் தாண்டித்தான் ட்ரீக்கு வருகிறது. ஆழக் குமிழி என்றால் விட்டுவிடுகிறோம். மேலோட்டமானது வழவழப்பான இடத்தில் இருந்தால் அக்கா சூடான ஊசியால் அதைத் திறந்து, ஒரு சொட்டு மெழுகு விட்டு, கத்தி முதுகால் இழைத்துவிடுவார், அரை நிமிட வேலை. முத்து ஓரத்தில் இருந்தால் வேண்டாம், வேறு எடுத்துக்கொள்வதே சுலபம். ட்ரீ கட்டி முடித்ததும் லேசான சோப்புத் தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, முழுசாக உலரவிட்டுத்தான் பவுடர் ஊற்றுகிறோம். டால்க், சிலிக்கோன் எல்லாம் அதில் போய்விடும். உலராமல் ஊற்றினால் நீர்ச்சொட்டின் தடம் அப்படியே தங்கத்தில் வரும், அதையும் ஒருமுறை பார்த்துவிட்டேன்.

கெட்டுப்போன 13 டாலரையும் பத்தர் கண் முன்னாலேயே எடை போட்டு, நான் ஒரு டாலரை அறுத்து உள்ளே இருந்த வெள்ளைப் பொடியை அவர் உள்ளங்கையில் கொட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். "மாவுங்களா இது?" என்றார். பவுடர் என்றேன், கதையைச் சொன்னேன், வெள்ளி டாலர்களையும் காட்டினேன். சோதனையில் ஊற்றிப் பார்த்தது உட்பட எல்லாவற்றையும் உருக்கிச் சுத்தம் செய்து மறுபடி வார்க்கும் கூலியும் சேதாரமும் எங்கள் கணக்கில் போனது. புது 13இல் பாலிஷுக்கு அப்புறம் ஒன்றில்கூட ஓட்டை இல்லை. அட்சய திருதியைக்கு நாலு நாள் முன்னால் கொடுத்தோம், சொன்ன தேதிக்கு ஆறு நாள் தாமதம். அடுத்த ஆர்டரைப் பத்தர் இரண்டு மாசம் கழித்துத்தான் கொடுத்தார்.

கழிவு மெழுகை இப்போது டப்பாவுக்குள் போடுவதில்லை. ட்ரீயின் தண்டுக்கு மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள், உருகிய தங்கம் அந்தத் தண்டு வழியாகத்தானே உள்ளே போகிறது, தண்டில் டால்க் இருந்தால் அதையும் அள்ளிக்கொண்டுதான் போகும். ஒரு கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ராவுகிற அண்ணன் அதிலிருந்து ஒரு கட்டி எடுத்துத் தன் மேஜையில் வைத்திருக்கிறார், ரம்ப இழை வெட்டும்போது சிக்காமல் இருக்க அதில் ஒரு தடவை இழுத்துக்கொள்கிறார்.